லாராவெல் ஏபிஐ ரிசோர்ஸ்: ஒற்றைப் பதிவும் பட்டியலும், பல பருவங்களின் அனுபவம்

போடிநாயக்கனூரிலும் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. இரு மாநிலங்களிலும் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் தங்கள் லாட்டுகளின் (ஏலத்துக்கு வைக்கும் ஏலக்காய்த் தொகுதிகளின்) எடை, தரம், விலை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றை எங்கள் சிறிய குழு பராமரித்து வருகிறது. செயலி, டார்ட் மொழியைப் பயன்படுத்தும் ஃப்ளட்டரில் எழுதப்பட்டது. சர்வர் பக்கம் பிஎச்பி மொழியின் கட்டமைப்பான லாராவெல். 2017-இல் வெளியான லாராவெல் 5.5 பதிப்பில் அறிமுகமான, தரவுத்தளப் பதிவைச் செயலிக்கு அனுப்பும் பதிலாக வடிவமைக்கும் ஏபிஐ ரிசோர்ஸ் வசதியைத்தான் எல்லாப் பதில்களுக்கும் பயன்படுத்துகிறோம்.

இதன் முதல் நன்மை, ஒரு லாட் எந்த வடிவில் வெளியே போக வேண்டும் என்பது ஒரே கிளாஸில் எழுதப்படுவதாகும். ஒற்றை லாட்டைக் கேட்டாலும் நூறு லாட்டுகளைக் கேட்டாலும் அதே கிளாஸ்தான் ஒவ்வொன்றையும் வடிவமைக்கிறது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மாடலில் (தரவுத்தள அட்டவணைக்கான கிளாஸில்) மூன்று தசம இடங்களுக்கு காஸ்ட் செய்யப்பட்ட (வகை மாற்றப்பட்ட) எடையை லாராவெல் "48.500" என்று ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச்சரமாகத் தருகிறது, பிஎச்பியில் கணக்கிட்ட எடையோ 48.5 என்று எண்ணாகப் போகிறது. விவரத் திரைக்கு ஒன்றும் பட்டியல் திரைக்கு மற்றொன்றும் வந்தால், வகை பார்க்கும் டார்ட் மொழி அங்கேயே நின்றுவிடும். எது வேண்டும் என்பதை ரிசோர்ஸ் கிளாஸில் ஒருமுறை தீர்மானித்துவிட்டால் இரண்டு திரைகளுக்கும் அது போதும்.

பட்டியலில்தான் இந்த வசதியின் அருமை முழுமையாகத் தெரிகிறது. பிஎச்பியில் ஒரே அரே வகைதான் வரிசையாகவும் சாவி-மதிப்புத் தொகுப்பாகவும் இயங்குகிறது. ஐந்து லாட்டுகளில் விற்றுப்போன இரண்டாவதை மட்டும் வடிகட்டி நீக்கினால், மீதமுள்ளவற்றின் சாவிகள் 0, 2, 3, 4 என்று நிற்கும். வரிசை இடையில் அறுந்துவிட்டதால் செயலிக்கு அனுப்பும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றும்போது சதுர அடைப்புக்குள் வர வேண்டிய பட்டியல் நெளிவு அடைப்புக்குள் ஆப்ஜெக்டாக மாறிவிடும். கடைசி லாட்டை நீக்கினால் இந்தச் சிக்கல் வராது என்பதால், சோதனையில் கண்ணுக்குப் படாமல் ஏலம் சூடாக நடக்கும் நாளில்தான் வெளிப்படும். ரிசோர்ஸ் வழியாகப் பட்டியலை அனுப்பும்போது, நாம் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, லாராவெல் சாவிகளைத் தானே மீண்டும் வரிசைப்படுத்திவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை எவருக்கும் பரிந்துரைப்பேன்.

லாட்டின் விவரங்களை 'டேட்டா' என்ற சாவிக்குள் வைக்கும் வெளிப்புற உறையைத் தேவையற்ற சுமை என்று கருதுபவர்கள் உண்டு. அதை நீக்கும் வழியும் இருக்கிறது. நான் நீக்க வேண்டாம் என்பேன். உறையை நீக்கினாலும் பக்கம் பக்கமாகப் பிரித்த பட்டியலில் 'லிங்க்ஸ்' (அடுத்த, முந்தைய பக்க இணைப்புகள்), 'மெட்டா' (பக்க விவரங்கள்) ஆகியவற்றுக்கு இடம் வேண்டியிருப்பதால் லாராவெல் அங்கே 'டேட்டா'வை விடாமல் வைத்துக்கொள்கிறது. ஆகவே செயலி எழுதுபவர் இரண்டு வடிவங்களைக் கையாள நேரும். லாட் எதுவும் இல்லாத விவசாயிக்கு வெற்றுப் பட்டியலும் 200 (வெற்றி) குறியீடும், இல்லாத லாட்டைக் கேட்டால் 404 (காணவில்லை) குறியீடும் செல்கின்றன.

குறை என்று சொன்னால், இணைக்கப்பட்ட தரவு முன்பே ஏற்றப்பட்டிருந்தால் மட்டும் சேர்க்கும் 'வென்லோடட்' முறையைச் சொல்வேன். பட்டியலை மெலிதாக வைக்க அது மிகவும் உதவுகிறது. போடிமெட்டுச் சாலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் அதன் பயன் நன்றாகவே தெரியும். ஆயினும் ஏற்றப்படாதபோது அந்தப் புலம் 'நல்' (null) என்ற வெற்று மதிப்பாக வராமல் அடியோடு மறைந்துவிடுகிறது. எந்தப் புலம் எப்போது இருக்கும் என்பதை ஆவணத்தில் எழுதிவைக்காவிட்டால், செயலிப் பக்கத்தில் இருப்பவர் ஊகித்துத்தான் எழுத வேண்டும்.

ஏலம் நடக்கும்போதே புதிய லாட்டுகள் மேலே சேர்ந்துகொண்டிருந்ததால், பக்க எண் முறையில் அடுத்த பக்கத்தில் பார்த்த லாட்டே மறுபடியும் வந்தது. அதனால், கடைசியாகப் பார்த்த பதிவை அடையாளமாக வைத்து அடுத்ததைத் தரும் கர்சர் முறைக்கு மாறினோம். 'மெட்டா'வில் மொத்த எண்ணிக்கை போய்விட்டதால் அதை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 'டேட்டா'வுக்குள் இருந்த லாட்டின் வடிவத்தில் ஒரு புலத்தைக்கூடத் தொட நேரவில்லை.