அதிவேகப் படகுக்குக் காப்பீடு எடுப்பவர்களுக்கு: 41,300 டாலர் பறிபோன கதை

கோபம் ஆறிவிட்டால் பாதியை எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். புளோரிடாவின் டாம்பா வளைகுடாப் பகுதியில் வசிக்கும் நானும் என் நண்பரும் சேர்ந்து வாங்கிய அதிவேகப் படகுக்கு, கேட்ட பிரீமியத்தை ஒரே தவணையில் கட்டிக் காப்பீடு எடுத்திருந்தோம். படகு அடிபட்ட பிறகு, "இந்தப் பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாது" என்று ஒரு கடிதம் வந்தது. அதோடு காப்பீடு முடிந்தது. எங்கள் தலையில் விழுந்திருப்பது 41,300 டாலர். படகை மீட்டு இழுத்து வந்தவர்களுக்கு 8,900, அவுட்டிரைவையும் (எஞ்சினின் விசையைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் பின்பக்க அமைப்பு) ட்ரான்சத்தையும் (படகின் பின்சுவர்) சரிசெய்ய 29,600, பழுதுபார்க்கும் யார்டில் நிறுத்தி வைத்ததற்கு இதுவரையிலான வாடகை 2,800. பெயர்களை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். காப்பீட்டு விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் இணையதளம், அதன் வழியாக எங்களுக்குக் கிடைத்த ஒரு படகுக் காப்பீட்டுத் தரகர் என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

எங்களுடையது 35 அடி நீளமுள்ள படகு. தலா 525 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள், ஆக மொத்தம் 1,050. அலையில்லாத நீரில் மணிக்கு 75 மைலைத் தாண்டிப் போகும். புளோரிடாவில் படகுக்குக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்றாலும், கடன் கொடுத்த வங்கியும் படகை நிறுத்த இடம் தரும் மரினாவும் காப்பீட்டுச் சான்று இல்லாமல் எதற்கும் சம்மதிப்பதில்லை. காரோடும் வீட்டோடும் சேர்த்துப் படகுக்கும் காப்பீடு தரும் பெரிய நிறுவனங்கள், குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் கேட்டவுடன் கைவிரித்துவிட்டன. மிஞ்சியது 'சர்ப்ளஸ் லைன்ஸ்' எனப்படும் சந்தைதான். வழக்கமான நிறுவனங்கள் ஏற்க மறுக்கும் ஆபத்துகளை அங்குள்ள நிறுவனங்கள் கூடுதல் விலைக்கு ஏற்கும். பிரீமியத்தின் மேல் 4.94% மாநில வரி உண்டு. நிறுவனம் திவாலானால் மாநிலத்தின் உத்தரவாத நிதி உதவிக்கு வராது என்ற வாசகத்தைப் பாலிசியிலேயே அச்சிட வேண்டும். அதையெல்லாம் படித்துத்தான் ஒப்புக்கொண்டோம். நிறுவனம் திவாலாகவும் இல்லை. அது மிக நன்றாகவே இருக்கிறது.

நாங்கள் ஏமாந்தது அந்தத் தரகரின் கேள்விகளில். இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் இருக்கிறது. மற்ற தரகர்கள் படகின் நீளத்தையும் விலையையும் கேட்டுவிட்டு நிறுத்தினார்கள். இவர் எஞ்சின்கள் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கின்றன, புரொப்பெல்லரை யாராவது மாற்றியிருக்கிறார்களா, படகின் அடிப்பகுதி படிக்கட்டுப் போல வெட்டப்பட்ட வகையா என்று கேட்டார். அந்த வெட்டுகளின் வழியே காற்று புகுந்து நீரின் உராய்வைக் குறைப்பதால் வேகம் கூடும், ஆனால் வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பினால் படகின் பின்பகுதி பிடிமானம் இழந்து சுழன்றுவிடும் என்பதால் ஓட்டுபவரின் அனுபவம் முக்கியம் என்று அவரே விளக்கினார். யார் யார் ஓட்டுவீர்கள், இதற்கு முன் எந்தப் படகை ஓட்டியிருக்கிறீர்கள், 'போக்கர் ரன்' போவீர்களா என்று கேட்டார். (ஐந்து இடங்களில் நின்று விளையாட்டுச் சீட்டு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு கூட்டமாகப் போகும் படகு ஊர்வலம் அது. பந்தயம் இல்லை என்பார்கள், ஆனாலும் பல பாலிசிகள் அதைப் பந்தயமாகத்தான் கருதும்.) புயல் எச்சரிக்கை வந்தால் படகை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்றும் கேட்டார். தேய்மானம் கழித்துத் தரும் பாலிசி வேண்டாம், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் பாலிசியை எடுங்கள் என்று நல்ல யோசனையும் சொன்னார். நண்பர் தொலைபேசியை மியூட்டில் போட்டுவிட்டு, "அண்ணா, இவருக்குப் படகைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது, இவரிடமே கொடுத்துவிடலாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

எல்லாக் கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி பதில் சொன்னோம். அதோடு நிற்கவில்லை. அங்கீகாரம் பெற்ற கடல்சார் சர்வேயர் ஒருவரைக் கொண்டு படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்து அறிக்கை வாங்கி, அதையும் தரகருக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். அந்த அறிக்கையில் இரண்டு எஞ்சின்களின் வரிசை எண்களும், இரண்டின் புகைப்படங்களும், சோதனை ஓட்டத்தில் எட்டிய வேகமும் இருக்கின்றன. "கிடைத்தது, மிக நல்ல அறிக்கை" என்று பதில் வந்தது. அந்தப் பதில் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பிறகு கணினியில் கையொப்பமிடுவதற்கான இணைப்பு வந்தது. அதில் இருந்தது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் மட்டும். முழு விண்ணப்பத்தையும் அனுப்புங்கள் என்று கேட்டபோது, நீங்கள் சொன்னது அப்படியே பதிவாகியிருக்கிறது, பாலிசியோடு சேர்ந்து வந்துவிடும் என்றார். 120,000 டாலர் மதிப்புக்கு 5,400 டாலர் பிரீமியம், அதற்கு மேல் தரகர் கட்டணம் 750. பாலிசி வந்தது, விண்ணப்பம் அதோடு வரவில்லை. முகப்புப் பக்கத்தில் நீளம், தயாரித்த ஆண்டு, மதிப்பு, ஓட்டுநர்களாக எங்கள் இருவரின் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. எஞ்சின் எண்ணிக்கைக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன், அக்டோபரில் மில்டன் என்று அடுத்தடுத்து வந்த புயல்கள் இந்த வளைகுடாவின் கரையோரப் படகுத்துறைகளை உடைத்துப் போட்டன. அப்படிப் பெயர்ந்து தண்ணீருக்கு அடியில் கிடந்த ஒரு மரத்தூணில், மரினாவுக்குத் திரும்பும் வழியில், கடற்பசுக்களுக்காக வேகம் குறைக்கப்பட்ட பகுதியில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தபோது எங்கள் படகு மோதியது. இடப்பக்க அவுட்டிரைவ் உடைந்து, ட்ரான்சத்தில் விரிசல் விழுந்து, தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை.

நிறுவனம் அனுப்பிய ஆய்வாளர் எஞ்சின் தகடுகளைப் படம் எடுத்தார். கணினியை இணைத்து, எஞ்சின்கள் எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடின என்ற பதிவையும் எடுத்துக்கொண்டார். மோதியபோது மெதுவாகத்தான் வந்தோம் என்பது அதில் தெரிந்துவிடும் என்று மகிழ்ச்சியோடு ஒத்துழைத்தோம். சில வாரங்கள் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. நாங்கள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத விண்ணப்பம் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் '1'. மொத்தக் குதிரைத்திறன் '525'. உச்ச வேகம் மணிக்கு '55' மைல். நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு எஞ்சினை எந்தத் திருடன் கொண்டுபோனான், அண்ணா?" என்றார். சிரிப்பு வரவில்லை. வேகத்தையும் குதிரைத்திறனையும் உண்மையாகப் பதிந்தால் இணையதளம் அந்த விலையைக் காட்டாமல் கூடுதல் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கும், விற்பனை கைநழுவிப் போயிருக்கும் என்பது என் ஊகம். வேறு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

மெதுவாகப் போனபோது மூழ்கிக் கிடந்த தூணில் மோதியதற்கும் எஞ்சின் ஒன்றா இரண்டா என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்பீர்கள். கடல்சார் காப்பீட்டில் அந்தக் கேள்விக்கு மதிப்பு குறைவு. விண்ணப்பதாரர் முழு உண்மையையும் சொல்லக் கடமைப்பட்டவர், முக்கியமான ஒரு தகவல் தவறாக இருந்தால் அது தெரியாமல் நேர்ந்திருந்தாலும் பாலிசியை ரத்து செய்யலாம் என்ற பழைய விதி இங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றங்களில் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2019இல் ஃபோர்ட் லாடர்டேல் அருகே ஒரு சொகுசுப் படகு தரைதட்டியபோது, தீயே பிடிக்காத அந்த விபத்தில், தீயணைப்புக் கருவிகளுக்கு உரிய காலத்தில் சோதனைச் சான்று வாங்கவில்லை என்று சொல்லிப் பணம் தர மறுத்தார்கள். பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டாலும், அந்த மீறல் ஆபத்தை அதிகரித்திருந்தால்தான் பாலிசியை ரத்து செய்யலாம் என்று புளோரிடாவில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாலிசியில் நியூயார்க் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருந்தது. கடல்சார் ஒப்பந்தங்களில் எந்த மாநிலத்தின் சட்டம் என்று எழுதியிருக்கிறதோ அதுவே பொதுவாகச் செல்லும் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எங்கள் பாலிசியைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் நியூயார்க் சட்டம்தான்.

இதற்குப் பிறகு எங்களைப் பந்தாடத் தொடங்கினார்கள். நிறுவனத்தைக் கேட்டால், விண்ணப்பத்தைத் தயாரித்தவரைக் கேளுங்கள் என்றார்கள். சர்வேயரின் அறிக்கையில் இரண்டு எஞ்சின்களும் இருக்கின்றனவே என்றதற்கு, அறிக்கை தரகரிடம்தான் வந்தது, எங்களிடம் வரவில்லை, அவர் உங்கள் பிரதிநிதியே தவிர எங்கள் பிரதிநிதி அல்லர் என்று எழுத்திலேயே பதில் தந்தார்கள். அதாவது, 750 டாலர் கொடுத்து நாங்கள் அமர்த்திய ஆள் செய்த பிழை எங்கள் பிழையாகிவிட்டது. தரகரைக் கேட்டால், படகு கேள்விகளில் அத்தனை சரளமாகப் பேசிய அதே குரல், "நீங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள்" என்ற ஒரே வாக்கியத்துக்குச் சுருங்கிப் போனது. பிறகு, தனக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் மொத்தத் தரகர் ஒருவர் இருக்கிறார், பதிவேற்றத்தில் அங்கேதான் தவறு நடந்திருக்கும் என்றார். அந்த மொத்தத் தரகரின் அலுவலகமோ காப்பீடு எடுத்தவர்களோடு நேரடியாகப் பேசும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று தட்டிக் கழித்தது. ஒப்பிட்டுக் காட்டும் இணையதளமோ தான் வெறும் அறிமுகம் செய்து வைப்பவர் என்று தானியங்கிப் பதில் ஒன்றை அனுப்பிவிட்டு, எங்கள் உரையாடலை 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடிவிட்டது. 41,300 டாலர் தீர்ந்ததைத்தான் சொல்கிறார்கள் போலும்.

பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தரகர் கட்டணம் 750 திரும்பவில்லை. 'ஈட்டப்பட்ட கட்டணம்' என்று ரசீதில் போட்டிருக்கிறார்கள். எதைச் செய்து ஈட்டினார் என்று தெரியவில்லை. மேலே சொன்ன 41,300இல் இந்த 750 சேரவில்லை. பாலிசி ரத்தான செய்தி வங்கிக்குப் போனதும், வங்கி தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே ஒரு காப்பீட்டை எடுத்து, அதன் செலவை எங்கள் கடன் தவணையில் ஏற்றிவிட்டது. அது வங்கியின் கடன் பாக்கியை மட்டும் பாதுகாக்கும்; எங்களுக்கு அதில் ஒரு சென்ட் பயனும் கிடையாது. யார்டில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது.

மாநில நிதிச் சேவைத் துறையிடம் தரகர் மீது புகார் கொடுத்திருக்கிறோம். தரகர்கள் தங்கள் தொழில்பிழைகளுக்காகத் தனியாக ஒரு காப்பீடு வைத்திருப்பது வழக்கம் என்பதால், அதைக் குறிவைத்து அலட்சியத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். இங்கேயும் ஒரு கெடு இருக்கிறது. அலட்சியத்துக்கான வழக்கைத் தொடர முன்பு 4 ஆண்டுகள் இருந்தன. 2023 மார்ச்சில் வந்த சட்டத்திருத்தம் அதை 2 ஆண்டுகளாகக் குறைத்துவிட்டது. இவர்கள் ஒவ்வொருவரும் பதில் எழுத எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால், தாமதம் தற்செயலானது என்று நம்ப முடியவில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். அதற்கு இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்களும் கைக்கு வராமல் கையொப்பம் போடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். எஞ்சின் எண்ணிக்கை, மொத்தக் குதிரைத்திறன், உச்ச வேகம், ஓட்டுபவர்களின் பெயர்கள் ஆகியவற்றை அதில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஏற்கெனவே பாலிசி இருந்தால் இன்றே விண்ணப்ப நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். சர்வே அறிக்கையைத் தரகருக்கு அனுப்பும்போது, நிறுவனத்தின் பரிசீலனைப் பிரிவுக்கு அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் கேளுங்கள். எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். தரகரின் உரிமத்தை மாநிலத் துறையின் இணையத் தேடலில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தரகருக்கு உரிமம் இருக்கத்தான் செய்கிறது.

யார்டிலிருந்து அடுத்த பில் வருவதற்குள் வழக்கறிஞருக்கு மின்னஞ்சல்களை எல்லாம் தொகுத்து அனுப்ப வேண்டும். டாம்பாவிலோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலோ வேறு யாருக்காவது இரண்டு எஞ்சின் படகு விண்ணப்பத்தில் ஒரே எஞ்சினாக மாறியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட புகார்கள் சேர்ந்தால் துறை வேகமாக நகரும் என்கிறார்கள்.