காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் 68,500 ரூபாய் பறிகொடுத்தோம், நீங்கள் ஏமாறாதீர்கள்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து இன்றோடு நான்கு நாள். எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். "மாமா பொழச்சு வந்தாரே, அது போதும், விடு" என்கிறார். எனக்கு மனசு ஆறவே இல்லை. 68,500 ரூபாய். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். எனக்கு அது கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அட்டையை எப்படிப் பயன்படுத்துவது, எந்த இடத்தில் நம்மை மடக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை. பல மாடி, வாசலிலேயே மருந்துக்கடை, ஊரெல்லாம் இருதய சிகிச்சை போர்டு வைத்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரி. அவ்வளவு போதும்.

அப்பா முப்பது வருடம் தறி ஓட்டியவர். இப்போது வயது 63. அந்த அட்டையை வாங்க அவரும் நானும்தான் அலைந்தோம். வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் வருமானம் இருந்தால்தான் அட்டை என்று முன்பு இருந்தது. பிறகு அதை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அதன் பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று பார்த்து வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனோம். போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள். அங்கே ஒரு ரூபாய் யாரும் கேட்கவில்லை. அட்டை வந்ததும் அப்பா அதை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். வீட்டுப் பத்திரத்தைக்கூட அவர் அப்படி வைத்ததில்லை.

இந்தத் திட்டம் புதிதில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்தார்கள். இப்போது குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பார்க்கலாம். நாம் பிரீமியம் கட்டுவதில்லை, நமக்காக அரசாங்கம் கட்டுகிறது. 2022-ல் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது குடும்பத்துக்கு வருடம் 849 ரூபாய் என்று போட்டார்கள். அது நம் வரிப் பணம். பட்டியலில் இருக்கிற சிகிச்சை என்றால் ஆபரேஷன், படுக்கை, மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கிற பொருள் எல்லாம் அந்த 5 லட்சத்துக்குள் அடக்கம். இருதய அடைப்புக்கு ஸ்டென்ட், அதாவது ரத்தக் குழாய் திறந்தே இருக்க உள்ளே வைக்கிற சின்னக் கம்பிவலைக் குழாய், அதை வைப்பதும் பட்டியலில் இருக்கிறது. இதையெல்லாம் நான் பணத்தை விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. சட்டையெல்லாம் வியர்வை. ஜி.எச்.சில் உடனே ஈசிஜி எடுத்து, மாத்திரையை மெல்லச் சொல்லி, ஊசி போட்டார்கள். ஹார்ட் அட்டாக், இங்கே ஆஞ்சியோ வசதி இல்லை, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர் சொன்னபடி போயிருக்க வேண்டும். அங்கேயும் இதே அட்டையில் இதே சிகிச்சை நடக்கிறது. சித்தப்பா மகன்தான், "அக்கா, அந்தத் தனியார் ஆஸ்பத்திரி அரை மணி நேரம் கிட்டம். எங்க மாமியாருக்கு அங்கதான் அட்டையிலயே பார்த்தோம்" என்றான். நல்லது நினைத்துத்தான் சொன்னான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அந்த வலியிலும் அப்பா கேட்டது ஒன்றுதான். "கண்ணு, அட்டைய எடுத்துக்கிட்டியா?"

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனி கவுண்டர். மேலே அரசாங்கத்தின் போர்டு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. கவுண்டரில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் விபூதி. அட்டையை வாங்கி, நம்பரை கம்ப்யூட்டரில் அடித்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அப்பா போட்டோ, அம்மா பெயர், எல்லாம் வந்தது. "ஆக்டிவ்ல இருக்குங்க்கா. அஞ்சு லட்சமும் அப்படியே இருக்கு. ஒரு பைசா செலவில்லீங்க்கா, அப்பாவ நாங்க பார்த்துக்கறோம், நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். என் தம்பி சொன்ன மாதிரி இருந்தது. நான் அழுதுவிட்டேன். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அந்த ஒரு நிமிடத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

ஒரு மணி நேரம் கழித்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா பச்சைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறார், கால் மட்டும் தெரிகிறது. திரையில் ரத்தக் குழாய் ஓடுகிறது. ஒருவர் விரல் வைத்துக் காட்டி, இங்கே 90 சதவீதம் அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார். சரி என்றேன். அப்புறம்தான் சொன்னார்: "ஸ்கீம்ல வர்ற ஸ்டென்ட் சாதாரணம்மா. ரெண்டு மூணு வருஷத்துல மறுபடி அடைச்சுக்கலாம். நல்லது வேணும்னா இம்போர்ட்டட் இருக்கு, 68,500 கட்டணும். அப்பாவ டேபிள்ல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது, பத்து நிமிஷத்துல சொல்லுங்க."

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? பெற்ற அப்பாவுக்கு மட்டமானதை வையுங்கள் என்று எந்த மகள் சொல்வாள்? வெளியே ஓடி வந்து கவுண்டர் தம்பியைக் கேட்டேன். "டாக்டர் சொன்னா கேட்டுக்குங்க்கா, அப்ரூவல் வந்ததும் இந்தக் காசுல பாதி திரும்ப வந்துரும்" என்றான். பொய். இந்தத் திட்டத்தில் நாம் காசு கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவது என்ற பேச்சே கிடையாது. அப்போது எனக்கு அது தெரியாது.

கம்பெனி சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுபேச்சு இல்லாமல் 20,000 அனுப்பினார். அதை கூகுள் பே-யில் போடச் சொன்னார்கள். போடும்போது ஆஸ்பத்திரி பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க மெட்டீரியல் சப்ளையர்" என்றான். மீதி 48,500-க்கு வீட்டுக்காரர் ஊருக்குப் போய் என் வளையலை அடகு வைத்து, சாயங்காலம் ரொக்கமாகக் கொண்டு வந்து கட்டினார். ரசீது என்று ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. ஆஸ்பத்திரி பெயர் இல்லை, சீல் இல்லை. பால்பாயின்ட் பேனாவில் "அட்வான்ஸ் 68,500", கீழே ஒரு கிறுக்கல். பில் டிஸ்சார்ஜ் அன்று தருவதாகச் சொன்னார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அப்பாவை வீல்சேரில் உட்கார வைத்து, கையில் அட்டையைப் பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தார்கள். அப்பா சிரித்தார். என்னிடம் நாலைந்து தாளை நீட்டி, "இங்க, இங்க, இங்க" என்று விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். வாசலில் வண்டி நிற்கிறது, வெயில், அப்பாவுக்கு மயக்கம் வருமோ என்ற பயம். படிக்காமல் போட்டேன். பில் கேட்டதற்கு, "ஃபைல்ல எல்லாம் இருக்குங்க்கா" என்றார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள், நர்சிங் படிக்கிறாள். ஃபைலைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள். ஸ்டென்ட் வந்த டப்பாவின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். அளவு, லாட் நம்பர், கீழே பொடி எழுத்தில் தயாரித்த இடம். "அக்கா, இது நம்ம நாட்டுலயே செஞ்சது" என்றாள். மருந்து பூசிய ஸ்டென்ட்தான், நல்லதுதான், இதைத்தான் நிறையப் பேருக்கு வைக்கிறார்கள் என்றாள். உள்நாட்டு ஸ்டென்ட் மட்டம் என்று நான் சொல்லவில்லை. இம்போர்ட்டட் என்று சொல்லி என்னிடம் 68,500 வாங்கியது எதற்கு? 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்துவிட்டது. மருந்து பூசியதற்கு அன்று 29,600 ரூபாய். அதற்குப் பிறகு கூட்டிக் குறைத்தாலும் 68,500-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இம்போர்ட்டட் என்றாலும் அதே உச்ச விலைதான். அட்டையே இல்லாமல் போயிருந்தாலும் ஒரு ஸ்டென்ட்டுக்கு இந்த விலை வாங்கக் கூடாது.

ஃபைலின் கடைசித் தாளைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. "சிகிச்சைக்காக என்னிடம் பணம் எதுவும் பெறப்படவில்லை." கீழே என் கையெழுத்து.

அந்தக் கவுண்டர் தம்பிக்குப் போன் அடித்தேன். நாள் முழுக்க அக்கா அக்கா என்றவன், "யாருங்க பேசறது?" என்றான். விவரம் சொன்னதும், "எங்க கணக்குல அப்படி எதுவும் வரலீங்களே, அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க" என்று வைத்துவிட்டான். வியாழக்கிழமை வேலைக்கு லீவு போட்டு நேரில் போனேன். அக்கவுண்ட்ஸில் துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் ரசீதே இல்லை என்றார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் அவர் வந்து நின்றபடியே சொன்னது: "அப்பா நல்லாயிருக்காரில்ல? அதை நினைச்சு சந்தோஷப்படுங்கம்மா. உயிரைவிடக் காசா பெருசு?" என் 68,500 எங்கே சார் என்று கேட்டேன். செக்யூரிட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானே எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை 1800 425 3993-க்குப் போட்டேன். காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் அது. எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். அட்டை எண், அட்மிட் ஆன தேதி எல்லாம் குறித்துக்கொண்டார். "பணம் வாங்கவே கூடாதும்மா. ரசீது இருக்கா? கேட்டப்பவே அங்கிருந்து கூப்பிட்டிருக்கலாமே" என்றார். புகார் எண் கொடுத்தார். கலெக்டர் ஆபீசிலும் எழுத்தில் கொடுங்கள் என்றார். அந்த எண் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அப்பா லேமினேட் செய்து வைத்த அட்டையில், இத்தனை நாளும் கண்ணெதிரே.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "ஒத்தப் பைசா செலவில்ல, அட்டையிலயே முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கை மொட்டையாக இருப்பதை அம்மா பார்த்துவிட்டாள், கேட்கவில்லை.

எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அட்டையில் சேர்த்தபிறகு எவன் எந்தப் பெயரில் காசு கேட்டாலும் கட்டாதீர்கள். டிபாசிட், வித்தியாசத் தொகை, நல்ல ஸ்டென்ட், எதுவானாலும். கேட்ட நொடியே அவர்கள் முன்னால் நின்று 1800 425 3993-க்குப் போடுங்கள். அவசரம் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள், அவசரத்துக்குக் காப்பீட்டுத் திட்டத்திடம் போனிலேயே அனுமதி வாங்க ஆஸ்பத்திரிக்கு வழி இருக்கிறது. தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள், கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால் அச்சடித்த ரசீது இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். அட்டையில் வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அட்டை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிற புரோக்கரிடம் போகாதீர்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். கூகுள் பே ஸ்கிரீன்ஷாட், துண்டுச் சீட்டு, ஸ்டென்ட் ஸ்டிக்கர் பக்கம், புகார் எண், நாலும் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. உங்களில் யாராவது இப்படி அட்டை இருந்தும் காசு கட்டியிருந்தால் நீங்களும் போய் மனு கொடுங்கள், ஒரு ஆள் சொன்னால் தட்டிக் கழித்துவிடுவார்கள். என்ன பதில் வருகிறது என்று எழுதுகிறேன்.