7950எக்ஸ், 13900கே ரெண்டையும் மூணு வருஷம் ஓட்டிப் பாத்ததுல

மதுரைல கல்யாண வீடியோ எடிட்டிங், கூடவே கொஞ்சம் பிளெண்டர் 3டி வேலை, இதான் நமக்குத் தொழில். 2022 கடைசில ஏஎம்டியோட ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸர் போட்டு ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணேன், ரெண்டு மாசம் கழிச்சு தம்பிக்கு இன்டெலோட கோர் ஐ9 13900கே போட்டு இன்னொண்ணு. ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்து மேஜை, அதனால தினம் ரெண்டுலயும் மாத்தி மாத்தி உக்காந்து வேலை பாத்ததை வச்சுதான் சொல்றேன்.

முதல்ல கோர் கணக்கு. கோர்னா சிப்புக்குள்ள இருக்குற தனித்தனி மூளை மாதிரி, த்ரெட்னா ஒரே நேரத்துல அது ஓட்டுற வேலை. 7950எக்ஸ்ல 16 கோர், பதினாறும் ஒரே தரம், 32 த்ரெட். 13900கேல 24 கோர்னு சொல்வாங்க, ஆனா அதுல 8தான் பெரிய பி கோர், மிச்சம் 16ம் சின்ன ஈ கோர், ஈ கோர்ல ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோரே ரெண்டு த்ரெட் ஓட்டுறது) கிடையாது, அதனால அதுவும் 32 த்ரெட்லதான் வந்து நிக்குது. 24 இருக்கே, 16ஐ விட பெருசுதானேன்னு கடைல சொன்னா அதை நம்பி காசு குடுத்துறாதீங்க. ரெண்டுலயும் ஒரே 3டி சீனை ரெண்டர் விட்டா, அதாவது முழுப் படமா மாத்தச் சொன்னா, முன்ன பின்ன ஒண்ணாதான் முடியுது.

வித்தியாசம் கரண்ட்லதான் தெரியுது. 13900கே ஃபுல் லோடுல 253 வாட் வரைக்கும் இழுக்கும், 7950எக்ஸ் டீஃபால்ட்ல 230 வாட். ஆனா 7950எக்ஸை பயோஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) கரண்டைக் குறைக்கிற ஈகோ மோட் 105 வாட்டுக்கு மாத்துனா நிஜத்துல 142 வாட்டோட நின்னுருது, என் ரெண்டர் நேரம் பத்து சதவீதம் கூட ஏறல. சித்திரை வெயில்ல மாடி ரூம்ல 95 டிகிரில ஓடிட்டு இருந்த சிப்பு (அது வரைக்கும் போறது அதோட டிசைனே, பயப்பட வேணாம்) ஈகோ போட்டதும் 70 சொச்சத்துக்கு இறங்கிருச்சு, கூலர் ஃபேன் சத்தமே மாறிப்போச்சு. தினம் ஆறு மணி நேரம் ரெண்டர்னு வச்சுக்கங்க, ஃபுல் லோடுல ஓடுற ஐ9ஐ விட 110 வாட் மிச்சம், ரெண்டு மாச ஈபி பில்லுல 40 யூனிட் கிட்ட வருது. 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாப் மாறுற வீட்டுல அந்த 40 யூனிட் பெரிய விஷயம்.

இதை மட்டும் பாத்தா ஏஎம்டிதான்னு முடிச்சிருப்பேன், ஆனா எடிட்டிங் டைம்லைன்ல கதையே வேற. இப்ப கேமராக்காரங்க குடுக்குற ஃபுட்டேஜ் பாதி 4கே ஹெச்.265, 4:2:2, 10 பிட். நிறம் நிறைய வச்சு இறுக்கிச் சுருக்குன ஃபைல் அது, அதை டீகோட் பண்ற (விரிச்சு ஓட்டுற) வசதி ஐ9க்குள்ள இருக்குற கிராபிக்ஸ்லயே இருக்கு, குயிக் சிங்க்னு பேரு. 7950எக்ஸ்ல உள்ள குட்டி கிராபிக்ஸ்ல அது இல்ல, என்விடியா கார்டுலயும் 50 சீரிஸுக்கு முன்னாடி இல்ல, என்கிட்ட இருக்குறது 30 சீரிஸ். தாலி கட்டுற சீன்ல மூணு கேமரா மல்டிகேம் போட்டு ஸ்பேஸ் பார் தட்டுனா தம்பி மெஷின்ல அப்படியே ஓடுது, என்னோடதுல கெட்டிமேளம் சத்தம் மட்டும் வருது, படம் ரெண்டு நொடி கழிச்சுத்தான் நகருது. 16 முழு கோர் இருந்தும் இதான் நிலைமை, நான் பிராக்ஸி (லேசா ஓடுற சின்ன காப்பி) போட்டுத்தான் கட் பண்றேன். ஒண்ணே ஒண்ணு, ஐ9லயே கேஎஃப்னு முடியிற மாடல் கொஞ்சம் கம்மி விலைல கிடைக்கும், அதுல அந்த கிராபிக்ஸே இல்ல, எடிட்டிங்குக்கு அதை எடுக்காதீங்க.

ஐ9ல இன்னொரு தொல்லை, வீடியோ ஃபார்மேட் மாத்துற ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல கன்வெர்ஷன் போட்டு விண்டோவை மினிமைஸ் பண்ணிட்டு வேற வேலை பாத்தா விண்டோஸ் அதை ஈ கோர் பக்கம் தள்ளிவிட்டுருது, நேரம் இழுக்குது. இப்பல்லாம் விண்டோவை மினிமைஸ் பண்ணாம அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவோம்.

விலைன்னு பாத்தா வெளியானப்ப 7950எக்ஸ் 699 டாலர், 13900கே 589. அதோட ஐ9க்கு டிடிஆர்4 (முந்தின தலைமுறை ராம்) போர்டும் கிடைச்சதால பழைய ராமையே மாட்டிக்கிட்டோம், அன்னைக்கு அது நல்ல மிச்சம். 7950எக்ஸ் உக்காருற ஏஎம்5 சாக்கெட் போர்டுல டிடிஆர்5 மட்டும்தான், அதுலயும் நாலு ஸ்டிக் போட்டா ஏஎம்டி சொல்ற ஸ்பீடே 3600தான், ரெண்டே ஸ்டிக்கா பெருசா வாங்கிருங்க. முதல் தடவை ஆன் பண்ணா மெமரி ட்ரெயினிங்னு பல நிமிஷம் ஸ்கிரீன் கருப்பாவே நிக்கும், நான் பதறிப்போய் ரெண்டு தடவை ஆஃப் பண்ணிட்டேன், அப்படிப் பண்ணாம பொறுமையா இருங்க.

13, 14ஆம் தலைமுறை ஐ9ல வோல்டேஜ் ஜாஸ்தியாப் போய் சிப்பு கெடுற பிரச்சனை 2024ல இன்டெலே ஒத்துக்கிட்டது, மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற கோட்) அப்டேட்டும் விட்டு வாரண்டியையும் 3லருந்து 5 வருஷம் ஆக்குனாங்க. நம்ம சிப்புக்கு ஒண்ணும் ஆகல, அப்டேட் வந்த வாரமே போட்டாச்சு. செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க பில்லு கேட்டு வாங்குங்க, ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்த அப்டேட் சரி பண்ணாது.

இப்ப அப்கிரேடுன்னு வந்தா ஐ9 போர்டுல 14900கேவோட கதை முடிஞ்சுது, அடுத்த கோர் அல்ட்ராவுக்கு சாக்கெட்டே வேற. என் போர்டுல பயோஸ் மட்டும் மாத்தி 9950எக்ஸ் மாட்டலாம், தை மாச முகூர்த்த வேலையெல்லாம் முடிச்சிட்டு அதைத்தான் பண்ணப்போறேன், தம்பி மெஷின் டைம்லைனுக்கு அப்படியே இருக்கட்டும்.