வெயில் காய்ந்த குப்பி

களியக்காவிளைப் பக்கம் ஒரு லேப். காலை 7 மணிக்குக் கொடுத்த யூரின் குப்பி 11 மணி வரை ஜன்னல் திண்டில் வெயில் காய்ந்தது. கேட்டால், "பத்து சாம்பிள் சேரட்டும் சேட்டா, ஒண்ணிச்சு நோக்காம்." ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோன காலம் போய் மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பி வந்திருக்கிறது, மாற்றம் அவ்வளவுதான்.

அக்கா மகன், வயது 22. தொண்டை வலி தொடங்கிய மறுநாளே மூத்திரம் கட்டன் சாயா நிறம். லேப் தாளில் புரோட்டீன் 2+, ரத்தம் 3+, மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை வட்டத்துக்குச் சிவப்பணு மட்டும் 2-4. பின்னால் சொன்ன இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. மூத்திரத்தில் முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப் ரத்தம் என்கிறது, மைக்ராஸ்கோப்பில் அணுவைக் காணோம். டாக்டர் உடனே, "ஜிம்முக்குப் போறியாடே?" என்றார். தசை சிதைந்து அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் மூத்திரத்தில் இறங்கினாலும் ஸ்ட்ரிப் இதே நிறம்தான் காட்டும். அவர் கேள்வியில் தப்பில்லை. தப்பு அந்த ஜன்னல் திண்டில். சூட்டில் கிருமி பெருகி, யூரியா அமோனியாவாகி, மூத்திரம் காரத்தன்மை அடைந்தால் சிவப்பணு உடைந்து கரைந்துபோகும். ஸ்ட்ரிப்புக்கோ உடைந்த அணுவின் ஹீமோகுளோபினே போதும். 2 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் குப்பியில் லேபிள் ஒட்டி வாங்குவார்கள், முடிவு போனில் வந்து விழும். ஆனால் மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன லேபில் நடந்தது அங்கே நடக்காது. அக்கா மகன் புதிதாகப் பிடித்த நடுத்தாரை மூத்திரம் 10 மில்லி, 5 நிமிடம் மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் வைத்துவிட்டு லேப் பெரியவர் கூப்பிட்டார்: "இஞ்ச வந்து பாருங்க, அணுவெல்லாம் காது மொளச்ச மாரி நிக்கு." பக்கத்தில் சிவப்பணு அடைத்த குழாய் போல ஒரு காஸ்ட், அதாவது சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் வார்த்த அச்சு.

இந்த இரண்டும் இருந்தால் ரத்தம் சிறுநீரக வடிகட்டியிலிருந்தே வருகிறது. கல், நீர்க்கடுப்பு என்றால் அணு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், புரோட்டீனும் இவ்வளவு போகாது. சித்தி காய்ச்சிய சிறுநெருஞ்சில் கஷாயத்துக்கு இங்கே வேலை இல்லை. (வாழைத்தண்டுச் சாறும் வந்தது.)

தொண்டை வலியோடு சேர்ந்தே, ஓரிரு நாளில் நிறம் மாறினால் முதல் சந்தேகம் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரக வடிகட்டியில் படியும் நோய். ஒன்றிரண்டு வாரம் கழித்து வந்தால் ஸ்ட்ரெப் கிருமிக்குப் பிந்தைய அழற்சி. அதில் ரத்தத்திலுள்ள சி3 என்ற தற்காப்புப் புரதம் குறையும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் பெண்களுக்கு அதிகம் என்றாலும் ஆண்பிள்ளைக்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்க்காமல் விடக்கூடாது. தாய்வழி மாமன்மாரில் இளவயதிலேயே காது மந்தமானவர், சிறுநீரகம் கெட்டவர் உண்டா என்று கேட்பது ஆல்போர்ட் என்ற பரம்பரை நோய்க்காக.

பிரஷர், கிரியேட்டினின், புரோட்டீன்-கிரியேட்டினின் விகிதம், ஸ்கேன் எல்லாம் அதே வாரத்தில் முடிய வேண்டும். சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டுமா என்பதைச் சிறுநீரக டாக்டர் சொல்வார், அதற்கு வழக்கம்போல் திருவனந்தபுரம் பஸ்தான். தொண்டை வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டும். அடுத்த சாம்பிளைக் கொடுத்ததும் கிளம்பாமல், ஸ்லைடு பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டே பஸ் ஏறணும்.