பிணத்துக்குப் பெயர் சொல்வதில் எது கெட்டி: பச்சை குத்தியதா, கைரேகையா?

ஆள் யாரென்று தெரியாத உடல் பிணவறைக்கு வந்தால் கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றும்தான் முதல் தர அடையாளம், பச்சை குத்தியது, தழும்பு, நகை எல்லாம் இரண்டாம் தரம். இன்டர்போல் வகுத்த வரிசை இது. நியாயம்தான். ஒரே ரோஜாவை ஆயிரம் பேர் குத்திக்கொள்ளலாம், ரேகை அப்படி அமையாது. ஆனால் ரேகை ஏற்கெனவே எங்காவது பதிவாகியிருக்க வேண்டும், பல் மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாமல் இருந்திருக்க வேண்டும், டிஎன்ஏவுக்கு ரத்த சொந்தம் வேண்டும். ஆளே யாரென்று தெரியாதபோது சொந்தத்தை எங்கே போய்த் தேடுவது?

பச்சைக்கு அந்தத் தொல்லை இல்லை, முன்பு பார்த்த ஒரு ஜோடிக் கண் போதும்.

1992 ஜூனில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஓர் ஆற்றின் கம்பித் தடுப்பில் ஒரு பெண்ணின் உடல் சிக்கிக் கிடந்தது, கொலை. இடது முன்கையில் கறுப்புப் பூ, பச்சை இலைகள், கீழே 'ஆர் நிக்' என்ற எழுத்து. 31 வருடம் பெயரில்லாமலே கிடந்தாள். 2023-இல் இன்டர்போல் அந்தப் பச்சையைப் பகிரங்கமாக வெளியிட, பிரிட்டனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் "இது நம்ம பொண்ணு கை" என்று கண்டுகொண்டது. கைரேகையைச் செய்தியில் காட்டினால் எந்தத் தாய்க்குப் புரியும்?

அழுகிய உடலிலும் பச்சை சளைத்ததில்லை. மேல்தோல் வழண்டுவிடும், மை தங்கியிருப்பதோ அதற்குக் கீழே உள்ள அடுக்கில், அதனால் துடைத்துவிட்டால் படம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிவதுண்டு. தெரியாவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவிப் பார்ப்பார்கள், அல்லது அகச்சிவப்புப் படம் எடுப்பார்கள். ரேகைக்குத்தான் பாடு அதிகம். விரல் தோல் உறை மாதிரி கழன்று வரும், அதை நிபுணர் கையுறை போட்ட தன் விரலில் மாட்டிக்கொண்டு மையில் ஒற்றி எடுப்பதும் உண்டு (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்). உடல் கரியாகிப் போனால் இரண்டுமே அவுட், பல்தான் நிற்கும்.

என்னைக் கேட்டால் தேடிப் பிடிக்கப் பச்சை, அப்புறம் உறுதிப்படுத்த ரேகை. 1935-இல் சிட்னியில் இரண்டும் ஜோடியாகவே வேலை செய்தன. கூஜி கடற்கரைக் காட்சித் தொட்டியில் இருந்த சுறா ஒன்று மனிதக் கை ஒன்றைக் கக்கியது. மணிக்கட்டில் கயிறு, தோலில் குத்துச்சண்டை போடும் இருவரின் படம். படத்தைக் கொண்டு அது ஜேம்ஸ் ஸ்மித் என்பவரின் கை என்று அவருடைய சகோதரர் சொன்னார், ரேகையும் ஒத்துப்போனது. சுறா கடித்ததல்ல, கத்தியால் அறுத்தது என்பதும் தெரிந்தது. ஆனால் ஒரு கை மட்டும் இருந்தால் அது 'உடல்' ஆகாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்று, மரண விசாரணையையே நிறுத்திவிட்டது.