வெளிநாட்டுப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியர்: எந்த வழி தேறும், எது தேறாது?

வெளிநாட்டில் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய், சம்பளம் வாங்காமல் கொஞ்ச காலம் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் விரித்து வைப்பது உலக வரைபடத்தைத்தான். நேபாளமா, கென்யாவா, கம்போடியாவா என்று அதிலேயே பல நாள் ஓடிவிடும். என்னைக் கேட்டால் நாட்டைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். உங்களை அனுப்புவது யார், செலவு யார் தலையில், நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய மறுநாள் அந்த வகுப்பில் யார் நின்று பாடம் நடத்துவார் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த வழி உருப்படியானது, எது பள்ளிக்கூடத்தைச் சேர்த்துக்கொண்ட சுற்றுலா என்பது தானாகவே விளங்கிவிடும். கீழே இருக்கும் ஒப்பீடும் இந்த மூன்றை வைத்துத்தான்.

காசு கட்டிப் போவது

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த வகை நிறுவனங்கள். இரண்டு வாரம், நான்கு வாரம் என்று பேக்கேஜ் பேக்கேஜாக வைத்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கேட்பவர்கள் நிறைய பேர். விமான டிக்கெட்டும் விசாவும் பெரும்பாலும் தனி. பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும். விமான நிலையத்துக்கு வண்டி வரும், தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, அவசரத்துக்கு ஒரு போன் நம்பர். முதன்முதலாகத் தனியாகக் கிளம்புகிறவருக்கு, அதுவும் வீட்டில் பயப்படுகிறவர்கள் இருந்தால், இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அதை நான் கிண்டல் செய்யப்போவதில்லை.

ஆனால் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒரு மூன்றாம் வகுப்பில், புதிதாக வந்த தன்னார்வலர் கரும்பலகையில் ஒரு மனித உருவத்தை வரைந்து தலை, தோள், முட்டி என்று ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தார். அவர் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் பிள்ளைகள் பாட்டைப் பாடி முடித்துவிட்டார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம், என்ன கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று! கெட்டிக்காரத்தனம் எல்லாம் இல்லை. அவருக்கு முன்னால் வந்தவரும், அவருக்கு முன்னால் வந்தவரும் அதே பாட்டைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் முந்தியவர் எங்கே நிறுத்தினார் என்று எழுதி வைத்த நோட்டு எதுவும் கிடையாது. தன்னார்வலர் உள்ளே வந்ததும் வகுப்பாசிரியை எழுந்து வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு பீரியட்தான் அவருக்குத் திருத்த வேண்டிய நோட்டுகளைத் திருத்தக் கிடைக்கும் நேரம். பரீட்சைக்கு வரவேண்டிய பாடம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கட்டிய பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். சிலர் நேராகச் சொல்லிவிடுகிறார்கள், அவர்களை மதிக்கலாம். "உள்ளூர் சமூக மேம்பாட்டுக்கு" என்று பொதுவாகப் பதில் வந்தால், பள்ளிக்குப் பெரிதாக எதுவும் போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகையிலேயே ஒன்றை மட்டும் விவாதமே இல்லாமல் தள்ளிவிடலாம்: அனாதை இல்லத்தோடு ஒட்டிய பள்ளி. கம்போடியாவிலும் நேபாளத்திலும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். காசு கொடுக்க வெளிநாட்டவர் வரிசையாக வந்தால், அவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் வேண்டியிருக்கிறது; வறுமையில் இருக்கும் குடும்பத்திடம் "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லி அழைத்து வருவதும் நடக்கிறது. இது பிள்ளைக் கடத்தலில் போய் முடிவதை ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டு வந்தபோது வெளிப்படையாகவே பேசியது. 2019-இல் ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானமும் அனாதை இல்லத் தன்னார்வச் சுற்றுலாவின் கேடுகளைக் குறிப்பிட்டது. நல்ல மனசோடு போகிறவர் கையாலேயே கெட்ட காரியம் நடக்கும் இடம் இது.

நீண்ட காலத்துக்கு அனுப்பும் அமைப்புகள்

இங்கே கதை தலைகீழ். நீங்கள் காசு கட்ட வேண்டாம். அவர்கள் உங்களுக்குப் பயணம், தங்குமிடம், காப்பீடு, உள்ளூர் ஆசிரியர் வாழும் அளவுக்கு ஒரு உதவித்தொகை எல்லாம் தருவார்கள். பதிலுக்குக் கேட்பது உங்கள் காலத்தை.

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலரை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு 1961-இல் தொடங்கியது. அதன் முதல் குழு அந்த ஆண்டே கானாவில் போய் இறங்கியது, ஆசிரியர்களாகத்தான். மொத்தம் 27 மாதம், அதில் முதல் மூன்று மாதம் மொழியும் பயிற்சியும். முடித்து வரும்போது பத்தாயிரம் டாலருக்கு மேல் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா இன்று நடத்தும் தன்னார்வலர் திட்டமும் 1965 முதல் இதேபோல் ஆள் அனுப்புகிறது, அதுவும் ஜப்பானியருக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றுமைப் படைத் திட்டம் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒன்றியத்திலோ அதோடு இணைந்த நாடுகளிலோ வசிக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் தன்னார்வலரை உட்காரவைக்கக் கூடாது. இதை எல்லா நாடும் எழுதிவைத்தால் தேவலை. 1970-இல் உருவாக்கப்பட்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் எந்த நாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் அங்கே கரும்பலகை முன்னால் நிற்கும் வேலை அபூர்வம். கல்வித் திட்டங்களை ஒருங்கிணைக்கும் வேலைதான் அதிகம்.

இந்தக் கூட்டத்தில் நான் உற்றுப் பார்க்கச் சொல்வது பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பை. 1958-இல் ஆரம்பித்தபோது அவர்கள் அனுப்பியது பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை. இன்று அதே வி.எஸ்.ஓ.விடம் அப்படி ஒரு பையன் போய் நின்றால் வகுப்பை அவன் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆசிரியர் தகுதி, வேலை அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவரையும் பெரும்பாலும் நேராக வகுப்பில் நிறுத்தாமல் உள்ளூர் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கவும், தலைமையாசிரியரோடும் கல்வி அலுவலகத்தோடும் சேர்ந்து வேலை பார்க்கவும் வைக்கிறார்கள். இத்தனை வருஷமாக இதையே தொழிலாகச் செய்பவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்த இடத்திலிருந்து ஆசிரியருக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள் என்றால், இரண்டு வாரப் பேக்கேஜ்காரர்கள் மட்டும் ஏன் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். பீஸ் கோரும் ஆங்கில வகுப்புகளில் உள்ளூர் ஆசிரியரோடு ஜோடியாகப் பாடம் நடத்தச் சொல்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 பேரை அவர்கள் ஒரேயடியாகத் திருப்பி அழைத்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், ஜோடி இருந்த வகுப்பில் பாடத்தை எங்கே விட்டோம் என்று தெரிந்த ஒருவர் மிச்சம் இருப்பார். ஜோடி இல்லாத வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள்.

குறை என்ன? காலம்தான். வீட்டுக்கடன், வயதான பெற்றோர், பிள்ளைகளின் படிப்பு என்று இருப்பவர்களுக்கு ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்பது நடக்கிற காரியம் இல்லை. விண்ணப்பித்து, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் முடிந்து கிளம்புவதற்கே பல மாதம் ஆகும்; எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

பள்ளிக்கு நேராக எழுதிப் போவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஆனால் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். இடையில் ஆள் கிடையாது. தலைமையாசிரியருக்கு நீங்களே எழுதுகிறீர்கள், அவருக்கு என்ன தேவை என்று அவரே சொல்கிறார். "ஆங்கிலம் வேண்டாம், எங்களுக்குக் கணக்கு வாத்தியார்தான் இல்லை" என்று பதில் வருவது இந்த வழியில்தான். தங்குவதற்கு ஆசிரியர் வீட்டில் ஒரு அறை, சாப்பாட்டுக்கு ஒரு தொகை என்று பேசி முடித்தால், ஏஜென்சியிடம் கட்டும் பணத்தில் ஒரு சின்னப் பகுதிதான் செலவாகும், அதுவும் நேராக அந்த ஊருக்கே போகும்.

உடைகிற இடம் இரண்டு. ஒன்று விசா. சம்பளமே வாங்காவிட்டாலும் தாய்லாந்தில் அது வேலைதான்; உரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். தான்சானியாவில் தன்னார்வலரும் அதற்குரிய குடியிருப்பு அனுமதி எடுக்க வேண்டும். பிரிட்டனில் சுற்றுலாவாகப் போனவர் பதிவுபெற்ற தொண்டு அமைப்பில் 30 நாள் வரை உதவலாம், ஆனால் போன காரணமே அதுவாக இருக்கக் கூடாது. "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால், ஏதாவது ஆனால் மாட்டப்போவது அவர் இல்லை, நீங்கள். இரண்டாவது, பள்ளி நாட்காட்டி. ஆகஸ்டில் லீவு கிடைக்கிறதே என்று கென்யாவுக்கு டிக்கெட் போட்டால் அங்கேயும் லீவு. நேபாளத்தில் தசைன் பண்டிகைக்கு அக்டோபர் வாக்கில் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும், மலைப்பகுதிகளில் குளிர்கால விடுமுறை வேறு. உங்கள் லீவுக்குப் பள்ளி திறந்திருக்காது. பள்ளி திறந்திருக்கும்போது நீங்கள் லீவு எடுக்க வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே வகுப்பெடுத்த அனுபவம் இருந்தால்தான் இந்த வழி. அறுபது பிள்ளைகள் முன்னால் முதல் தடவையாக நிற்கும்போது பக்கத்தில் கேட்க ஆள் இல்லாமல் இருப்பது கொடுமை. சான்றிதழ் எடுத்துக்கொண்டு போகலாமே என்றால், எல்லாச் சான்றிதழும் ஒன்றில்லை. ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பு 120 மணி நேரம், அதற்குள்ளேயே உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் பல "120 மணி நேர" சான்றிதழ்களில் ஒரு மாணவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தேறிவிடலாம்.

மற்றவை

வொர்க்அவே போன்ற தளங்கள் வழியாகச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாக நாளுக்கு ஐந்து மணி நேரம் போல வேலை செய்வது இன்னொன்று. மாலையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பது, நூலகத்தை அடுக்கிக் கொடுப்பது போன்றவற்றுக்குச் சரி. முழு வகுப்புக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் வேண்டாம் என்பேன். பிள்ளைகளோடு பழகும் இடத்தில் போலீஸ் சான்றிதழ்கூடக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் பள்ளி உங்களுக்கு முன்னால் யாரைச் சேர்த்துக்கொண்டது என்பது தெரியாது.

சம்பளத்துக்கே போனால் என்ன என்று பலர் யோசிப்பதே இல்லை, ஏதோ காசு வாங்கினால் புண்ணியம் குறைந்துவிடும் என்பது போல. ஜப்பானின் ஜெட் திட்டம் 1987 முதல் நடக்கிறது. அதில் போகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியர்கள். ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் வேண்டும், ஒப்பந்தம் ஒரு வருஷம், புதுப்பித்துப் புதுப்பித்து ஐந்து வருஷம் வரை இருக்கலாம். சம்பளம் வாங்கும் ஆளிடம் பள்ளி வேலை எதிர்பார்க்கும், தாமதமாக வந்தால் கேள்வி கேட்கும். தன்னார்வலரிடம் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். வகுப்பறை அனுபவம்தான் நோக்கம் என்றால் இது தன்னார்வ வழிகள் பலவற்றைவிட மேல்.

கையில் இருப்பது இரண்டு மூன்று வாரம்தான் என்றால்? பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகாதீர்கள். அந்தக் காலத்தில் ஆசிரியர்களுக்கு உருப்படியாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முடிந்தால், உதாரணத்துக்கு நீங்கள் அறிவியல் ஆசிரியராக இருந்து, அலமாரியில் பூட்டிக் கிடக்கும் சோதனைக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட முடிந்தால், போகலாம். இல்லையென்றால் அதே பள்ளியின் ஒரு ஆசிரியரோடு வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் ஆங்கிலம் பேசுங்கள். ஐ.நா.வின் இணையவழித் தன்னார்வச் சேவை 2000-லிருந்தே இருக்கிறது, அங்கேயும் தேடலாம். ஃபோட்டோ நன்றாக வராது, அவ்வளவுதான்.

எந்த வழியாக இருந்தாலும் பணமோ பாஸ்போர்ட் நகலோ அனுப்பும் முன்னால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடநூல், இப்போது எத்தனையாவது பாடம் நடக்கிறது. வகுப்பாசிரியர் பெயர் என்ன, நான் நடத்தும்போது அவர் வகுப்பில் இருப்பாரா. எனக்கு முன்னால் இதை நடத்தியது யார், எனக்குப் பின்னால் யார். என்ன விசாவில் வர வேண்டும். இதற்குப் பதில் வர பத்து நாள் ஆனாலும் காத்திருக்கலாம், தலைமையாசிரியரிடம் கேட்டுத்தானே எழுத வேண்டும். பத்தே நிமிடத்தில் "எல்லாம் அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம், முன்பணம் மட்டும் இந்த வாரத்துக்குள் கட்டிவிடுங்கள்" என்று வந்தால் அடுத்த பள்ளியைத் தேடுங்கள்.