மாமிக்கு ஆங்கிலம்: லிங்க் வகுப்பா, நூலக மேசைத் தன்னார்வலரா?

அறுபது வயது தாண்டிய அம்மாவோ மாமியோ கூட இருக்கிற, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோ வீடுகளில் இந்தக் கேள்வி எப்போதாவது வந்தே தீரும்: ஆங்கிலம் படிக்க இவரை எங்கே சேர்ப்பது? எங்கள் மாமி இரண்டு வழியையும் பார்த்துவிட்டார். முதலில் அரசாங்கச் செலவில் நடக்கும் லிங்க் வகுப்புக்குப் போனார். பிறகு, குடியேறியவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பு சேர்த்துவிட்ட தன்னார்வ ஆசிரியரிடம் போனார். ஆசிரியர் மாறினாலும், இப்போதும் தன்னார்வலரிடம்தான் படிக்கிறார். அதனால் நான் தன்னார்வலர் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் இது சரிவராது.

இரண்டுக்கும் காசு இல்லை. லிங்க் (LINC) என்பது புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்க 1992இல் கனடிய மத்திய அரசு தொடங்கிய திட்டம். முதலில் ஒரு சோதனை வைத்து, சி.எல்.பி. என்ற கனடிய மொழித்திறன் அளவுகோலில் உங்கள் இடத்தைக் கணித்து, அதற்கேற்ற வகுப்பில் போடுவார்கள். பயிற்சி பெற்ற ரீச்சர், ஒழுங்கான பாடத்திட்டம், சில இடங்களில் பிள்ளை பார்க்கும் வசதிகூட உண்டு. தன்னார்வலர் முறையில் ஒருவருக்கு ஒருவர். வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, பெரும்பாலும் பக்கத்து நூலகத்தில் ஒரு மேசையில் சந்திப்பார்கள். தன்னார்வலரைச் சேர்ப்பதற்கு முன் அமைப்பு பொலிஸ் சோதனை கேட்கும். ஆகவே தெரியாத ஒருவரிடம் அம்மாவை விடுகிறோமே என்ற பயம் வேண்டாம்.

யாரைச் சேர்ப்பார்கள் என்பதில் பலர் இடறுகிறார்கள். லிங்க் வகுப்பு நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும், அகதி என ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் உரியது. குடியுரிமை எடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து, தொழிற்சாலையிலும் அடுப்படியிலும் காலம் போய், இப்போதுதான் படிக்க நேரம் கிடைத்த எத்தனையோ அம்மாமார் இதனால் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு மாகாண அரசின் காசில் பாடசாலைச் சபைகள் நடத்தும் ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும்) வகுப்பு இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கான சூப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர் ஒரு வருகையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனாலும் அவர்கள் கணக்கில் விருந்தாளிகள்தான், லிங்க் கிடைக்காது. மத்திய அரசின் காசில் இயங்கும் தன்னார்வலர் திட்டங்களும் இதே பத்திரங்களைக் கேட்கும். தேவாலயம், முதியோர் மன்றம், நூலகக் கிளை போன்ற இடங்களில் நடப்பவற்றில் பெரும்பாலும் அந்தக் கேள்வி இல்லை. சூப்பர் விசாக்காரர் அங்கேதான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர் 18 முதல் 54 வயதுக்குள் இருந்தால், கேட்பதிலும் கதைப்பதிலும் சி.எல்.பி. 4 இருப்பதாகக் காட்ட வேண்டும். லிங்கில் அந்த நிலையை முடித்த சான்றிதழை ஏற்றுக்கொள்கிறார்கள். தன்னார்வலரால் அப்படி ஒரு தாளும் தர முடியாது. ஆகவே நாற்பது, ஐம்பது வயதில் இருந்து குடியுரிமையை எதிர்பார்க்கிறவர் யோசிக்காமல் வகுப்புக்குப் போகலாம். வேலை தேடுகிறவருக்கும் அதையே சொல்வேன். 55 தாண்டியவருக்கு அந்தச் சோதனையே இல்லை. அவருக்குத் தேவை டொக்டரிடமும் பஸ்ஸிலும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலும் உதவுகிற ஆங்கிலம்.

அந்த வயதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், என் அனுபவத்தில், விட்டுப்போகிற நாட்கள்தான். வகுப்பைப் பற்றி விசாரிக்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. ரீச்சர் எப்படி, எந்த பஸ், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறோம். ஆனால் ஒரு மாமியின் வாரத்தைப் பாருங்கள். பேத்திக்குக் காய்ச்சல் என்றால் தாய் வேலைக்குப் போவாள், மாமிதான் வீட்டில் நிற்க வேண்டும். ஜனவரியில் நடைபாதை ஐஸ் பிடித்துக் கிடந்தால், முழங்கால் வலியோடு பஸ் தரிப்புவரை நடக்க நாங்களே விடமாட்டோம். செத்தவீடு, எட்டு, முப்பத்தொன்று என்று வந்தால் ஒரு கிழமை போய்விடும். வகுப்பு இதற்காக நிற்காது, நிற்கவும் முடியாது. அங்கே இன்னும் பலர் இருக்கிறார்கள். வரவுப் பதிவு உண்டு. நீண்ட நாள் வராவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போகும், காத்திருப்போர் பட்டியல் இருக்கும்போது அது நியாயமும்தான். அதோடு ஒவ்வொருவரும் தான் செய்த பயிற்சிகளையும் மதிப்பீடுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். இளையவர்களுக்கு அது நல்ல முறை. திரும்பிப் போனபோது மாமியின் கோப்பில் நடுவே வெற்றிடம், பக்கத்தில் இருந்தவர்கள் இறந்தகாலத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படி ஆனதும் மாமி, “எனக்கு ஏறாது பிள்ளை, விடு” என்றார். ஏறாமல் இல்லை. தமிழ்ப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிற மனுசி அவர். வகுப்பின் வேகமும் அவருடைய வாழ்க்கையின் வேகமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

தன்னார்வலரிடம் விட்டுப்போன நாள் விட்ட இடத்திலேயே நிற்கிறது. மூன்று கிழமை கழித்துப் போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். வராத நாளை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை என்பதால், திரும்பப் போகத் தயக்கமும் வருவதில்லை. முதிய வயதில் படிப்பை நிறுத்துகிறவர்களில் பலர் அந்தத் தயக்கத்தில்தான் நிறுத்துகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாடமும் வீட்டிலிருந்துதான் போகிறது. இப்போது மாமிக்குப் படிப்பிக்கும் அம்மையார் முதல் நாளே, வீட்டுக்கு வரும் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். மாமி மருந்துப் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ‘டேக் வித் ஃபுட்’ என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய குளிசையைத் தான் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அப்புறம் டெலிபோன். கிளினிக்கில் இருக்கும் பெண்ணாக ஆசிரியர் கதைப்பார், மாமி தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுப் பழக, மாமி நாற்காலியை மறுபக்கம் திருப்பி உட்காருவார். எங்கள் குடும்பப்பெயர் ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு வரி நீளம். ‘எஸ் ஃபார் சாம், டி ஃபார் டொம்’ என்று முழுவதையும் சொல்லி முடிக்க அவருக்குப் பல கிழமை எடுத்தது. இப்போது அப்பொயின்ட்மென்டை அவரே மாற்றிக்கொள்கிறார். வகுப்பிலும் டெலிபோன் உரையாடல் படிப்பிப்பார்கள், ஆனால் ஆளுக்கு ஓரிரு தடவைதான் கதைக்கக் கிடைக்கும். நூலக மேசையில் அந்த மணித்தியாலம் முழுவதும் மாமியின் முறைதான்.

கனடாவில் இப்படி ஆளைத் தேடிப் போய்ப் படிப்பிக்கிற வழக்கம் பழையது. 1899இல் அல்ஃபிரட் ஃபிட்ஸ்பற்றிக் தொடங்கிய ஃப்ரொன்டியர் கொலேஜ், மரம் வெட்டும் முகாம்களுக்கும் ரயில்பாதை போடும் இடங்களுக்கும் ஆசிரியர்களை அனுப்பியது. அவர்கள் பகலில் தொழிலாளர்களோடு சேர்ந்து வேலை செய்து, இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் சீனாவில் போற்றப்பட்ட டொக்டர் நோர்மன் பெத்யூனும் இளவயதில் அப்படிப் படிப்பித்தவர். அந்த அமைப்பு 2022இல் யுனைட்டட் ஃபோர் லிட்டரசி என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்னும் இயங்குகிறது. படிக்கிறவரின் வாழ்க்கைக்கு ஏற்றபடி படிப்பு வளைய வேண்டும் என்பதை அவர்கள் அன்றைக்கே செய்து காட்டியிருக்கிறார்கள்.

தன்னார்வலர் முறையின் பலவீனமும் பெரியதுதான். எல்லாம் ஒரே ஆளில் தொங்குகிறது. மாமியின் முதல் ஆசிரியர் பல்கலைக்கழக மாணவி, நல்ல பிள்ளை. படிப்பு முடிந்து வேறு நகரத்துக்குப் போய்விட்டார். அடுத்தவர் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை, அமைப்பிலிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. பயிற்சியும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆங்கிலம் தெரிந்த எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வராது. ஆகவே சேரும்போதே இரண்டைக் கேளுங்கள்: ஆசிரியர் போனால் வேறொருவரைத் தருவது யார் பொறுப்பு? அதுவரை ஏதாவது குழுவில் சேர்ப்பார்களா? இப்போது மாமி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். எந்தத் தேதியில் என்ன படித்தார், எது இன்னும் வரவில்லை என்று ஆசிரியரே அதில் எழுதுவார். நாளைக்கு வேறொருவர் வந்தாலும் முதலிலிருந்து ‘ஹலோ, மை நேம் இஸ்’ தொடங்க வேண்டியதில்லை.

நூலகங்களில் நடக்கும் உரையாடல் வட்டம் மூன்றாவது வழி. ஓரளவு கதைக்க வந்தவருக்கு அது நல்லது. ஒன்றுமே தெரியாதவர் அங்கே சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு வருவார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் எழுத்தறிவுத் திட்டமும் இலவசமாக ஒருவருக்கு ஒருவர் படிப்பிப்பதுதான், ஆனால் அது ஆங்கிலம் கதைக்கத் தெரிந்து, வாசிக்க எழுதத் தடுமாறுகிற பெரியவர்களுக்கானது. கதைக்கவே தெரியாத அம்மாவை அங்கே கூட்டிப்போய் ஏமாந்து திரும்ப வேண்டாம். தமிழிலும் எழுத்துத் தெரியாதவர் என்றால், எழுத்தறிவுக்கென்று தனிப் பிரிவு உள்ள லிங்க் வகுப்புதான் நல்லதென்று படுகிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், எல்லாத் தன்னார்வலரிடமும் அது இருக்காது. மாமிக்கு அந்த நிலை இல்லாததால் இதை அனுபவத்திலிருந்து சொல்லவில்லை. அப்படி யாரையாவது சேர்த்துப் பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.